கடைசி வரி வரை படிக்கிறார், பக்கத்தில் நிற்பவர் தெரியவில்லை

கேள்வி சுருக்கமாக இதுதான். அப்பாவுக்கு 61 வயது. கண்ணாடி போட்டால் எழுத்துப் பலகையின் கடைசி வரி வரை படித்துவிடுகிறார். ஆனால் சில மாதமாக இடது பக்கம் யாராவது வந்து நின்றால் தெரிவதில்லை. வாசல் நிலையில் தோளை இடித்துக்கொள்கிறார். ஃபீல்ட் டெஸ்ட் எடுத்துவிட்டு ‘பார்வைப் புலம் (கண்ணை அசைக்காமல் சுற்றிலும் தெரிகிற பரப்பு) குறைந்திருக்கிறது’ என்று சொல்லியிருக்கிறார்கள். இது எதனால் வருகிறது, குணமாகுமா, ஸ்கூட்டர் ஓட்டலாமா?

நான் ஆப்டோமெட்ரிஸ்ட், அதாவது பார்வையைச் சோதித்துச் சொல்பவன். வேலை பார்த்த வருடங்களில் பாதி அந்த ஃபீல்ட் டெஸ்ட் இருட்டறையிலேயே கழிந்தது. மருந்து எழுதுவதும் கத்தி வைப்பதும் டாக்டரின் வேலை. அந்த டெஸ்ட்டில் வரும் படத்தைப் படித்துச் சொல்வது மட்டும் எனக்குக் கைவந்தது, அதனால் எழுதுகிறேன்.

முதலில், கேள்வியில் ஒரு முக்கியமான விவரம் விட்டுப்போயிருக்கிறது. இடது பக்கம் தெரியாதது ஒரு கண்ணிலா, இரண்டு கண்ணிலுமா? டாக்டர் இதைச் சொல்லியிருப்பார், கூட்டத்தில் உங்கள் காதில் விழாமல் போயிருக்கும். வீட்டிலேயே ஓரளவு பார்த்துவிடலாம். அப்பாவுக்கு நேர் எதிரே ஒரு மீட்டர் தள்ளி உட்காருங்கள். அவர் இடது கண்ணை உள்ளங்கையால் மூடட்டும், நீங்கள் உங்கள் வலது கண்ணை மூடுங்கள். உங்கள் திறந்த கண்ணையே அவர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். இருவருக்கும் நடுவில் கையை நீட்டி, மேலே, கீழே, இடம், வலம் என்று நான்கு மூலையிலும் ஒன்று, இரண்டு, ஐந்து என விரல்களைக் காட்டிக் கேளுங்கள். உங்களுக்குத் தெரிகிற விரல் அவருக்கும் தெரிய வேண்டும். பிறகு கண்ணை மாற்றிச் செய்யுங்கள். டாக்டர்கள் அறையில் செய்வதும் இதேதான். புலத்தில் பெரிய ஓட்டை இருந்தால் இதில் அகப்படும், சின்னது தப்பிவிடும்.

இவ்வளவு பழுது இருந்தும் கடைசி வரி எப்படித் தெரிகிறது? பலகையில் படிப்பது நடுப்பார்வை. கையை நீட்டி கட்டைவிரலைப் பார்த்தால், அந்த நகம் அடைக்கிற இடம் சுமார் 2 டிகிரிதான். பலகை அளப்பது அந்தத் துண்டை மட்டும். ஒரு கண்ணின் முழுப் பார்வைப் புலமோ காதுப் பக்கம் 90 டிகிரிக்கும் மேல், மூக்குப் பக்கம் 60, மேலே 60, கீழே 70 டிகிரிக்குச் சற்று அதிகம் என்று விரிந்திருக்கும். நடுத்துண்டு நன்றாக இருந்து சுற்றியிருப்பது முழுக்கப் போனவரும் கடைசி வரியைப் படிப்பார். பலகையில் தேறிவிட்டார் என்று கண்ணாடிக் கடையோடு திரும்பி வருபவர்களில் எத்தனையோ பேர் இப்படி.

இன்னொன்று, போன இடம் கறுப்பாகத் தெரியாது. ‘இருட்டா இருக்கா?’ என்று கேட்டால் ‘இல்லையே’ என்றுதான் சொல்வார்கள். நல்ல கண் இருக்கிற எல்லோருக்கும் ஒரு குருட்டுப் புள்ளி இருக்கிறது. பார்வை நரம்பு கண்ணைவிட்டு வெளியேறும் இடம் அது. பிரான்சில் மாரியோட் என்பவர் 1660-களில் கண்டுபிடித்தார். நீங்களும் இப்போதே பார்க்கலாம். இடது கண்ணை மூடி, இரண்டு கைகளையும் நீட்டி, கட்டைவிரல்களைச் சேர்த்து நிறுத்துங்கள். வலது கண்ணால் இடது கட்டைவிரலையே பார்த்தபடி, வலது கட்டைவிரலை மெதுவாக வலப்பக்கம் நகர்த்துங்கள். ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவான தூரத்தில் விரலின் நுனி காணாமல் போகும். அங்கே கறுப்புப் பொட்டு எதுவும் தெரியாது, பின்னால் இருக்கும் சுவர் தெரிவதுபோல இருக்கும். மூளை பக்கத்து நிறத்தை எடுத்து அந்த இடத்தைப் பூசி மெழுகிவிடுகிறது. நோயால் விழுந்த ஓட்டையையும் இப்படித்தான் பூசுகிறது. அதனால்தான் அப்பா ‘எனக்குத் தெரியல’ என்று சொல்லாமல், ‘திடீர்னு வந்து நிக்கறாங்க’ என்று அலுத்துக்கொள்வார்.

இனி எதனால் என்பதற்கு வருவோம். காரணங்களின் பட்டியல் நீளம். ஆனால் ஓட்டையின் வடிவமே பழுது எந்த இடத்தில் என்று காட்டிக்கொடுத்துவிடும். விழித்திரையிலிருந்து பின்மண்டை வரை ஒரு கம்பி போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு கண்ணின் நரம்புகளும் மூளையின் அடியில், பிட்யூட்டரி சுரப்பிக்குச் சற்று மேலே சந்திக்கின்றன. அந்தச் சந்திப்பில் மூக்குப் பக்கத்து விழித்திரையிலிருந்து வரும் இழைகள் மட்டும் பக்கம் மாறிவிடும். அதற்கப்புறம் இரண்டு கண்ணும் பார்க்கிற இடது பாதி முழுக்க வலது மூளைக்கும், வலது பாதி இடது மூளைக்கும் போகிறது. ஆகவே சந்திப்புக்கு முன்னால் பழுது என்றால் ஒரு கண்ணில் மட்டும் ஓட்டை. சந்திப்பிலேயே என்றால் இரண்டு கண்ணிலும் காதோரப் பாதிகள் போகும். சந்திப்பைத் தாண்டி என்றால் இரண்டு கண்ணிலும் ஒரே பக்கம் போகும்.

மூளையில் எந்த மூலை எதைப் பார்க்கிறது என்ற வரைபடம் போர்க்களத்தில் கிடைத்தது. 1904-05 ரஷ்ய-ஜப்பானியப் போரில் தலையில் குண்டு துளைத்தும் பிழைத்த சிப்பாய்களின் பார்வை இழப்பை அளக்கும் வேலை இனோயே தட்சுஜி என்ற ஜப்பானியக் கண் மருத்துவருக்கு வந்தது. ஓய்வூதியம் எவ்வளவு என்று முடிவு செய்வதற்காகத்தான் அளந்தார். குண்டு நுழைந்த இடம், வெளியேறிய இடம், போன பார்வை மூன்றையும் பொருத்திப் பார்த்து 1909-ல் படமாக வெளியிட்டார். இன்று நாங்கள் ரிப்போர்ட்டைப் பார்த்ததும் ‘இது கண் இல்லை, தலை’ என்று சொல்வதற்கு அடிப்படை அந்தச் சிப்பாய்கள்தான்.

அப்பாவின் பழுது ஒரு கண்ணில் மட்டும் இருந்தாலோ, இரண்டு கண்ணிலும் வெவ்வேறு வடிவத்தில் இருந்தாலோ, அந்த வயதில் முதல் சந்தேகம் கிளாக்கோமா. கண்ணில் பிரஷர் என்று நாம் சொல்வது. பி.பி.க்கும் அதற்கும் நேரடிச் சம்பந்தம் இல்லை, பலர் குழப்பிக்கொள்கிறார்கள். கண்ணுக்குள் ஊறும் நீர் வடியும் வழி அடைபட்டு அழுத்தம் ஏறி, பார்வை நரம்பின் இழைகள் ஒவ்வொன்றாகச் சாகின்றன. வழக்கமான அளவு 10 முதல் 21 மில்லிமீட்டர் பாதரசம் என்பார்கள். ஆனால் 16 இருந்தும் நரம்பு கெடுகிறவர்கள் உண்டு, 24 இருந்தும் ஒன்றும் ஆகாதவர்கள் உண்டு. அதனால் பிரஷரை மட்டும் பார்த்து ‘நார்மல்’ என்று அனுப்பிவிடுவது எனக்கு ஒப்புதல் இல்லாத பழக்கம். நரம்பையும் பார்க்க வேண்டும், புலத்தையும் பார்க்க வேண்டும். நரம்பில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இழைகள் இருப்பதால் கால்வாசி போன பிறகுதான் டெஸ்ட்டிலேயே தெரிய ஆரம்பிக்கும். முதலில் மூக்குப் பக்கம் ஒரு படிக்கட்டுபோல விழும், அப்புறம் நடுவைச் சுற்றி வில்லாக வளையும், மேல் வில்லும் கீழ் வில்லும் சேர்ந்தால் குழாய்க்குள் பார்ப்பது போன்ற பார்வைதான் மிச்சம். வலி கிடையாது. சென்னையிலும் சுற்றியுள்ள கிராமங்களிலும் வீடு வீடாக எடுத்த கிளாக்கோமா ஆய்வில், நோய் இருந்தவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கும் மேல் அது தெரியாமலேயே இருந்தார்கள்.

வலியோடு வருகிற ஒரு வகையும் உண்டு. வடிகால் கோணம் திடீரென்று மூடிக்கொண்டால் கண் சிவந்து, தலை பிளந்து, வாந்தி வரும். பித்தம், கேஸ் என்று இஞ்சிச் சாறு குடித்துவிட்டுப் படுத்தால் ஓரிரு நாளில் கண் போய்விடும். அதற்கு லேசரால் கருவிழித் திரையில் (ஐரிஸ்) சின்ன ஓட்டை போடுவார்கள். அடுத்த கண்ணுக்கும் முன்கூட்டியே போட்டுவிடுவார்கள்.

கிளாக்கோமாவில் போன புலம் திரும்பாது. சுற்றி வளைக்காமல் இதைச் சொல்லிவிடுவது நல்லது. சிகிச்சை என்பது இருப்பதைக் காப்பாற்றுவது. அழுத்தம் ஒவ்வொரு மில்லிமீட்டர் குறையும்போதும் நோய் முற்றும் வாய்ப்பு சுமார் 10 சதவீதம் குறைகிறது என்று ஸ்வீடனில் பல வருடம் நடந்த ஆய்வு காட்டியது. பெரும்பாலும் சொட்டு மருந்தில் தொடங்குவார்கள். லட்டனோப்ராஸ்ட் இரவில் ஒரு தடவை. இமை முடி நீளும், கண்ணைச் சுற்றிச் சற்றுக் கறுக்கும், பயப்பட வேண்டாம். டிமோலால் என்ற சொட்டு தந்தால் ஆஸ்துமா, இதயத் துடிப்புக் குறைவு இருக்கிறதா என்று கேட்பார்கள். கேட்காவிட்டால் நீங்களே சொல்லுங்கள். ஒரு சொட்டு போதும். விட்டவுடன் கண்ணை மூடி, மூக்கோரத்து மூலையை இரண்டு நிமிடம் அழுத்திப் பிடித்தால் மருந்து தொண்டைக்கு இறங்காது. இரண்டு மருந்து இருந்தால் நடுவே ஐந்து நிமிட இடைவெளி வேண்டும். இதைச் சொல்லிக்கொடுக்க யாருக்கும் நேரம் இருப்பதில்லை, ஆனால் பாதி மருந்து கன்னத்தில் வழிந்துதான் போகிறது.

வடிகால் வலையில் அடிக்கும் எஸ்.எல்.டி. லேசரை முதல் சிகிச்சையாகவே செய்யலாம் என்று 2019-ல் பிரிட்டனில் வந்த ஆய்வுக்குப் பிறகு, தினமும் சொட்டு விட முடியாதவர்களுக்கு அது நல்ல வழியாகிவிட்டது. இவை போதாவிட்டால் அறுவை சிகிச்சை செய்து நீர் வெளியேறப் புது வழி வைப்பார்கள். அதுவும் அடைத்துக்கொண்டால் வடிகுழாய் இருக்கிறது. வெளிநாட்டுக் குழாய் விலை எட்டாமல் இருந்த காலம் போய், மதுரையில் அரோலேப் நிறுவனம் செய்கிற குழாய் இப்போது இந்தியா முழுக்கப் போகிறது. ‘ஆபரேஷன் பண்ணியும் அப்பாவுக்குப் பார்வை கூடலையே’ என்று சண்டைக்கு வந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். இது கண்புரை ஆபரேஷன் இல்லை, பார்வை கூடாது. இதை முன்னாலேயே உட்காரவைத்துச் சொல்லாதது எங்கள் பக்கத்துத் தப்பு.

இரண்டாவது இடம், அந்தச் சந்திப்பு. ஒரு சரக்கு வேன் டிரைவர், நாற்பது வயது இருக்கும். ஒரே வருடத்தில் மூன்று கண்ணாடி மாற்றியிருந்தார். வேனின் இரண்டு பக்கக் கண்ணாடிகளும் உரசிக்கொண்டே இருக்கின்றன என்று முதலாளி திட்டுகிறாராம். படம் வந்தபோது வலது கண்ணில் வலது பாதியும் இடது கண்ணில் இடது பாதியும் நட்ட நடுக்கோட்டில் வெட்டியதுபோல இல்லை. குதிரைக்குக் கண்பட்டை கட்டியதுபோல ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறார். ஸ்கேனில் பிட்யூட்டரிக் கட்டி. மூக்கு வழியாகப் போய் எடுத்தார்கள். மூன்று மாதம் கழித்து எடுத்த படத்தில் முக்கால்வாசி திரும்பியிருந்தது. நரம்பு அழுத்தப்பட்டிருக்கிறது, இன்னும் சாகவில்லை என்றால் அழுத்தத்தை எடுத்ததும் திரும்பும். இந்தக் கட்டிகளில் புரோலாக்டின் என்ற ஹார்மோனைச் சுரக்கும் வகைக்குப் பெரும்பாலும் கத்தியே வேண்டாம், கேபர்கோலின் மாத்திரையிலேயே சுருங்கும். மோதிரமும் செருப்பும் சேராமல் போவது, மாதவிலக்கு நிற்பது, குழந்தை இல்லாமலே பால் சுரப்பது போன்றவை கூட இருந்தால் டாக்டரிடம் விடாமல் சொல்லுங்கள்.

மூன்றாவது இடம் மூளையின் பின்பகுதி. விரல் காட்டிப் பார்த்ததில் இரண்டு கண்ணிலுமே இடது பாதி போயிருந்தால் அப்பாவுடையது இதுதான். இப்படிப்பட்டவர்கள் பெரும்பாலும் ‘இடது கண் போச்சு’ என்றே வருவார்கள். இடது கண்ணை மூடினாலும் அதே பக்கம்தான் தெரியவில்லை என்று செய்து காட்டும்போது ஆச்சரியப்படுவார்கள். அந்த வயதில் முக்கியக் காரணம் பக்கவாதம். கை கால் விளங்கும், பேச்சு குழறாது, பின்மண்டைக்குப் போகும் ரத்தக்குழாய் மட்டும் அடைத்திருக்கும்; அதனால் வீட்டில் யாரும் அதைப் பக்கவாதம் என்று நினைப்பதில்லை. திடீரென்று ஒரு பக்கம் பார்வை போனால் கண் ஆஸ்பத்திரிக்குப் போகாதீர்கள், ஸ்ட்ரோக் பார்க்கிற ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கெடு. சில மாதமாக இருக்கிறது என்றால் அந்தக் கெடு தாண்டிவிட்டது. ஆனாலும் தலை ஸ்கேன், பி.பி., சர்க்கரை, கொழுப்பு, இதயத் துடிப்பு எல்லாவற்றையும் பார்த்து அடுத்ததைத் தடுத்தாக வேண்டும்.

பக்கவாதத்தில் போன புலம் தானாகத் திரும்புவதானால் பெரும்பகுதி முதல் மூன்று மாதத்துக்குள் திரும்பும். ஆறு மாதத்துக்குப் பிறகு அதிகம் எதிர்பார்க்க வேண்டாம். ஆனால் பழக்கத்தால் நிறைய மீட்கலாம். இடது பக்கம் வேண்டுமென்றே பெரிதாகக் கண்ணைத் திருப்பித் துழாவும் பயிற்சியைத் தினமும் செய்ய வேண்டும். தட்டுகளை அடுக்கி எடுக்கச் சொல்லலாம், சுவரில் எண்களை ஒட்டித் தேடச் சொல்லலாம். இடது பாதி போனவர் தமிழ் படிக்கும்போது அடுத்த வரியின் தொடக்கம் கிடைக்காமல் தடுமாறுவார். பக்கத்தின் இடது ஓரத்தில் சிவப்புக் கோடு போட்டு, ‘கோடு தெரிகிற வரை கண்ணைக் கொண்டு போங்கள்’ என்றால் போதும். வலது பாதி போனவருக்கு இன்னும் கஷ்டம், ஏனென்றால் வரவேண்டிய சொல்லே மறைந்துவிடுகிறது. கண்ணாடியின் மேலும் கீழும் ஒட்டும் பிரிஸம் (ஒளியைத் திருப்பும் பட்டை) சிலருக்கு உதவுகிறது, சிலர் தலைசுற்றுகிறது என்று பிய்த்துப் போட்டுவிடுகிறார்கள்.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். திரை இறங்குவதுபோல ஒரு மூலையிலிருந்து மறைத்துக்கொண்டு வந்தால், அதற்கு முன் கண்ணுக்குள் மின்னலும் கொசுக்கூட்டம் போன்ற புள்ளிகளும் தெரிந்திருந்தால், விழித்திரை விலகுகிறது. நடுப்பகுதி விலகுவதற்கு முன் ஆபரேஷன் செய்தால் பார்வை தப்பும், அதனால் அன்றைக்கே போக வேண்டும். சின்ன வயதிலிருந்து மாலைக்கண், அப்புறம் புலம் சுருங்கிக்கொண்டே வருவது என்றால் விழித்திரை நிறமிச் சிதைவு. நம் ஊரில் மாமன் மகள், அக்கா மகள் என்று சொந்தத்தில் கட்டிய குடும்பங்களில் அதிகம் பார்க்கிறோம். அதில் ஆர்.பி.ஈ.65 என்ற ஒரே ஒரு மரபணுக் கோளாறுக்கு மட்டும் 2017 கடைசியில் அமெரிக்காவில் மரபணு சிகிச்சைக்கு அனுமதி கிடைத்தது. வந்தபோது விலை ஒரு கண்ணுக்கு நாலு லட்சத்து இருபத்தைந்தாயிரம் டாலர். கண் நகர்த்தினால் வலி, நடுவில் மங்கல் என்றால் நரம்பு அழற்சி. ஸ்டீராய்டை ஊசியில் தருவார்கள். ஒரு கண்ணில் சில நிமிடம் இருட்டித் தெளிந்தால் அது பக்கவாதத்தின் முன்னறிவிப்பாக இருக்கலாம், விடாதீர்கள். இரண்டு கண்ணிலும் பளபளக்கும் வளைகோடு விரிந்து அரைமணியில் மறைந்து தலைவலி வந்தால் பெரும்பாலும் மைக்ரேன்.

மருந்துகளால் வருவதையும் சொல்லியாக வேண்டும். காசநோய்க்கு இந்தியாவில் சிகிச்சை முழுவதும் எத்தாம்பியூட்டால் என்ற மருந்து இருக்கிறது. அதைச் சாப்பிடும்போது நடுவில் மங்கினாலோ சிவப்பு வெளுத்துத் தெரிந்தாலோ உடனே டாக்டரிடம் சொன்னால் பெரும்பாலும் மீளும். வலிப்புக்குத் தரும் விகாபாட்ரின் ஓரங்களைத் தின்னும், அது மீளாது. கண் அரிப்புக்கு மெடிக்கலில் நீங்களே கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு சொட்டு, மாதக்கணக்கில் விட்டால் கிளாக்கோமாவையே கொண்டுவரும். கோடை அரிப்புக்கு அம்மா விட்டு விட்டுப் புலம் போன பள்ளிப் பிள்ளைகளைப் பார்க்கும்போதுதான் இந்த வேலையில் எனக்கு உண்மையாகக் கோபம் வரும். பொன்னாங்கண்ணிக் கீரை பற்றிக் கட்டாயம் யாராவது சொல்வார்கள். வைட்டமின் ஏ குறைவால் வந்த மாலைக்கண்ணுக்கு அது நல்லதுதான். செத்த நரம்பை எழுப்பாது.

டெஸ்ட் பற்றி ஒரு வார்த்தை. அப்பா ‘பாதி லைட்டு தெரியவே இல்லை’ என்று மனம் உடைந்து வந்திருப்பார். எல்லோருக்கும் அப்படித்தான். தெரியும், தெரியாது என்ற எல்லையைத் தேடும் கருவி அது, தெரிந்தால் இன்னும் மங்கலாக்கிக்கொண்டே போகும். முதல் படம் பல பேருக்கு மோசமாகத்தான் வரும். தூக்கம், பசி, தொங்கிய இமை எல்லாம் அதில் பதிவாகும். ஒரே படத்தை வைத்து முடிவுக்கு வராமல் இன்னொன்று எடுப்பார்கள், அலுத்துக்கொள்ளாதீர்கள். பழைய படங்களை மடித்துப் பூஜை அறையில் வைக்காமல் ஒவ்வொரு தடவையும் கொண்டு போங்கள். முற்றுகிறதா நிற்கிறதா என்பது அடுக்கி வைத்துப் பார்த்தால்தான் தெரியும்.

நன்றாகத் தெரியும் கண்ணிலும் புலம் 40 டிகிரிக்குக் கீழே சுருங்கியிருந்தால் 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டப்படி அது குறைபார்வை, 10 டிகிரிக்குக் கீழே என்றால் பார்வையின்மை. பலகையில் கடைசி வரி படித்தாலும் சரி. அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். வழக்கமான ஃபீல்ட் டெஸ்ட் நடு 24 டிகிரி அளவைத்தான் அளக்கும், சான்றிதழுக்கு அகலமாக அளக்கும் டெஸ்ட் வேண்டும் என்று கேட்டு எடுங்கள்.

கிளாக்கோமா என்று உறுதியானால் நீங்களும் உடன்பிறந்தவர்களும் அப்பாவின் தம்பி, தங்கைகளும் ஒரு தடவை கண்ணைக் காட்டுங்கள். நெருங்கிய ரத்த உறவுகளுக்கு வாய்ப்பு பல மடங்கு.

ஸ்கூட்டர். இரண்டு கண்ணிலும் இடது பாதி போயிருந்தால் கூடாது, சாவியை வாங்கி வைத்துவிடுங்கள். இடது பக்கச் சந்திலிருந்து ஓடி வரும் பிள்ளையை அவர் பார்க்க மாட்டார், பார்க்கவில்லை என்பதும் அவருக்குத் தெரியாது. ஒரு கண்ணில் மட்டும் ஆரம்ப நிலை என்றால் டாக்டர் இரண்டு கண்ணையும் சேர்த்துப் பார்த்துச் சொல்லட்டும், அதுவரை பின்சீட்டில் உட்காரட்டும். ‘எனக்கு நல்லாத்தான் தெரியுது’ என்று கத்துவார். அவரைப் பொறுத்தவரை அது பொய் இல்லை. சண்டை போடாமல் அந்தக் கட்டைவிரல் சோதனையை அவரையே செய்து பார்க்கச் சொல்லுங்கள், விரல் காணாமல் போகும்போது நீங்கள் சொல்வது அவருக்குப் புரியும்.